எதிர் டீம் மருமகள்

காளவாசலில் பரவை பஸ் ஏறினேன். எனக்கு முன் சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு டீச்சர்கள். கண்ணாடி போட்டவர் சொன்னார்:

"நேத்து என் மருமக என்னைச் சுட்டுட்டா டீச்சர்."

மற்றவர் பதறவில்லை. "எங்க?"

"முதுகுல."

"அந்த போன் விளையாட்டை இன்னும் நீங்க விடலையா?"

"எல்லாத்தையும் ஆடிப் பாத்துட்டேன். மிட்டாய் உடைக்கிறது பேப்பர் திருத்துற மாதிரியே இருக்கு, முடியவே மாட்டேங்குது. விவசாயம் பண்ற கேம்ல, ரெண்டு நாள் ஜெபக்கூட்டம்னு போயிட்டு வந்தா அம்புட்டுப் பயிரும் காஞ்சு கெடக்கு. கார் ரேஸ்ல எல்லாப் பயலும் இடிக்க வாரான், அதுக்கு நம்ம பைபாஸே தேவல. துப்பாக்கி கேம்தான் நிம்மதி."

"மருமககூட ஈஸ்டர்ல இருந்து பேச்சில்லன்னீங்க?"

"வீட்ல இல்ல. கொழம்புல உப்பு கூடன்னேன், அன்னைக்கோட சரி. அவ மாடியில, நான் கீழ. கேம்ல ஒரே டீம்னா பேசித்தானே ஆகணும். 'அத்தை, பின்னாடி ஆளு வாரான், குனிங்க'ம்பா. நான் அடிபட்டு விழுந்தா, எங்க இருந்தாலும் ஓடி வந்து மருந்து போட்டு எழுப்பிருவா."

"பெறகு ஏன் சுட்டா?"

"நேத்து எதிர் டீம்."

கண்டக்டர் வந்து போனார்.

"இம்புட்டு ஒத்துமையா இருக்கீங்க. வீட்லயும் ரெண்டு வார்த்தை பேசிற வேண்டியதுதானே?"

கண்ணாடி டீச்சர் டிக்கெட்டைக் கைப்பைக்குள் வைத்து மூடினார்.

"பேசலாம் டீச்சர். பேசினா சண்டை வந்துருமே. அப்புறம் என்னைய யாரு எழுப்பி விடுவா?"