பத்துத் துண்டு சாரன்துணி

வேட்டைத் துவக்குத் துடைக்க, இடுப்பில் கட்டிப் பழசான சாரனைப் போல ஒரு துணி கிடையாது. கடையில் பக்கற்றில் விற்கிற வெள்ளைத் துண்டுகள் நூல் கழன்று குழாய்க்குள் ஒட்டிக்கொள்ளும். பல வருடம் தோய்த்த சாரன் அப்படிச் செய்யாது. நான் அதை உள்ளங்கை அளவுக்குப் பத்துத் துண்டாக வெட்டுவேன். எண்ணி மேசையில் வைப்பேன். எண்ணெய் தொட்டுக் கம்பியில் சுற்றிக் குழாய்க்குள் விட்டு எடுப்பேன். வேலை முடிந்ததும் அழுக்குத் துண்டுகளைத் திரும்ப எண்ணுவேன். பத்து இருக்கவேண்டும். இந்தக் குளிர்நாட்டில், மில்லிக்கனில் ஒரு பிஸ்கற் ஃபக்டரியில் பத்தொன்பது வருடமாக மெஷின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன்; ஒரு நட்டைக்கூட உள்ளே விட்டுவிட்டு மூடியது கிடையாது.

ரில்வானுக்கு இந்தப் பொறுமை இல்லை. அவன் என் தங்கை றசீனாவின் புருஷன். நன்றாகச் சுடுவான், நன்றாகச் சிரிப்பான். வேட்டை முடிந்ததும் துவக்கை உறையில் போட்டு மூலையில் சாத்திவிடுவான். அதனால் ஒவ்வொரு நவம்பரும் சீசனுக்கு முன்னால் வெக்ஸ்போர்ட்டில் என் கராஜுக்குக் கொண்டுவந்து தருவான். "உன்னட்டக் குடுத்தா நான் திறந்து பார்க்கவே தேவல்ல மச்சான்" என்பான். உண்மையாகவே திறந்து பார்க்க மாட்டான். குழாயைப் பார்க்காமல் தோட்டா போடக்கூடாது, உள்ளே ஏதும் அடைத்திருந்தால் குழாய் வெடிக்கும் என்று வகுப்பில் சொல்லித்தான் லைசன்ஸ் தருகிறார்கள். அதை அவனுக்கு நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அந்த மான் விஷயத்தைச் சொல்லாமல் இது விளங்காது. எங்கள் ஆட்கள் மானைச் சுடும்போது பிஸ்மி, அதாவது அல்லாஹ்வின் பெயர், சொல்லிச் சுடவேண்டும்; அப்போதுதான் இறைச்சி ஹலால். நாம் மானுக்குக் கிட்டப் போகும்போது உயிர் இருந்தால் கத்தியால் அறுக்கலாம். அதற்குள் செத்துவிட்டால், சுட்டவன் பிஸ்மி சொன்னானா என்பதுதான் கேள்வி. முந்தின வருடம் நான் சுட்ட மான் நாங்கள் போவதற்குள் செத்துவிட்டது. பக்கத்தில் நின்றவன் ரில்வான்.

அடுத்த ஞாயிறு வோபர்னில் றசீனா வீட்டில் அந்த மான் இறைச்சியோடு சாப்பாடு. இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். எங்களோடு வேட்டைக்கு வருகிற, என்னை அண்ணன் முறையில் காக்கா என்கிற ரம்ஸீன் சும்மா பேச்சுக்கு ரில்வானைக் கேட்டான், "மஸூர் காக்கா பிஸ்மி சொல்லித்தானே சுட்ட?"

ரில்வான் இறைச்சிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். "எனக்குக் கேக்கல்ல" என்றான்.

சோற்றுக் கோப்பையில் போன கைகள் அப்படியே நின்றன. யாரோ பள்ளிவாசல் மௌலவிக்கு ஃபோன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்கள். அவர் நல்ல மனிதர். "மறந்திருந்தாக் குற்றமில்ல, தாராளமாச் சாப்பிடலாம். மறந்துட்டாரா எண்டு கேளுங்க" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் சொன்னன்" என்றேன். பிஸ்மியை மெதுவாகச் சொன்னேன், மானுக்குக் கேட்கக்கூடாது இல்லையா என்றும் விளக்கினேன்.

அதற்குப் பிறகு எங்கள் இருவரில் ஒருவன் பொய்யன் என்று ஆகிவிட்டது. பெண்கள் சத்தமில்லாமல் இறைச்சியைக் குப்பையில் கொட்டினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பெருநாளைக்கு நான் கொண்டுபோன கோழிப் பிரியாணியைத் திறந்து, "இதுக்குக் கேக்கிற மாதிரிச் சொன்னீங்களா காக்கா?" என்று ரம்ஸீன் பகிடி விட்டான். ரில்வானும் சிரித்தான். றசீனாவின் பிள்ளைகள் நான் சாப்பிட உட்கார்ந்தால், "லவுடா சொல்லுங்க மாமா" என்று பழகிவிட்டார்கள். பிள்ளைகள் மீது எனக்குக் கோபமில்லை.

அடுத்த நவம்பரும் ரில்வான் வழக்கம்போலத் துவக்கைக் கொண்டுவந்தான். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். நான் பத்துத் துண்டு வெட்டி எண்ணி வைத்தேன். வெளிப்பக்கத்தை நன்றாகவே துடைத்தேன். துவக்கின் மரக்கட்டைக்கும் எண்ணெய் பூசினேன், முகம் தெரியும் அளவுக்கு. முடித்து எண்ணியபோது மேசையில் ஆறு துண்டு இருந்தது. உறையில் போட்டு ஸிப்பை இழுத்து மூடினேன்.

ஒன்றைச் சொல்லவேண்டும். அவனுக்கு நான் ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேன். வடக்கே போகிற வழியில், பெரி என்கிற ஊர்ப் பக்கம் கோப்பி குடிக்க நிறுத்தியபோது கேட்டேன், "அண்டைக்கு உனக்கு மெய்யாவே கேக்கல்லயா?"

"கேட்டிருக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவன் துவக்கை எடுத்து மிச்ச நாலையும் வெளியில் எடுத்திருப்பேன். அதற்கான கம்பியும் காரில் இருந்தது. அவன் என் தோளில் கை போட்டான்.

"விடு மச்சான். மறக்காத மனிசன் ஆரு இருக்கான்?"

எவ்வளவு அன்பாகச் சொன்னான் என்பது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த நாள் காலை, பனி லேசாக விழுந்திருந்தது. நல்ல கொம்பு மான் ஒன்று வெளியில் வந்தது. ரில்வான் துவக்கைத் தூக்கினான். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகப் பிஸ்மி சொன்னான். மான் தலையைத் தூக்கிப் பார்த்தது. இதனால்தான் மெதுவாகச் சொல்லவேண்டும் என்கிறேன். பிறகு துவக்கே அவன் கையில் வெடித்தது. மானுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ரம்ஸீன் அம்புலன்ஸுக்கு ஃபோன் அடிக்கச் சிக்னல் தேடி ஓடினான். ரில்வானின் தலையை நான்தான் மடியில் வைத்திருந்தேன். பையில் அந்த ஆறு துண்டும் தோய்த்து மடித்து இருந்தன. அவற்றைத்தான் கழுத்தில் வைத்து அழுத்தினேன். ஆறு போதவில்லை.

ஆஸ்பத்திரியில் ரில்வான் போய்விட்டான் என்று சொன்ன பிறகு றசீனா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "காக்கா, துடைக்கக்குள்ள எதையும் மறந்துட்டீங்களா? மறந்தெண்டாச் சொல்லுங்க, நான் மன்னிக்கிறன்."

எனக்காக வழக்குப் பேசுகிற லோயர் வேரோனிக்கா கெட்டிக்காரப் பிள்ளை. நேற்றைக்கு வந்து, "அங்கிள், துணியை உள்ளுக்கை விட்டிட்டு மறந்துபோனன் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அது விபத்து. வேறை ஒண்டும் கதைக்க வேண்டாம்" என்றார். மௌலவி, றசீனா, இந்தப் பிள்ளை, எல்லோருக்கும் என் வாயிலிருந்து அந்த ஒரு சொல்தான் வேண்டியிருக்கிறது.

அது என்னால் முடியாது. பத்து எண்ணி எடுத்தேன், ஆறு எண்ணி வைத்தேன். மிச்சம் நாலு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் மூடினேன், தெரிந்துதான் அவன் கையில் கொடுத்தேன். உங்கள் பொலிஸ் அறிக்கையில் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். வேலையில் மறந்துவிட்டான் என்று என்னைப் பற்றி ஒரு வரிகூட வரக்கூடாது.

வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் மறந்திருக்கிறேன், அந்த மானைச் சுட்டபோது. அதற்கு இருந்த ஒரே சாட்சி ரில்வான்.