புரட்டாசிச் சனியும் வால் முளைத்த சைவ இறாலும்

கூலாயிலிருந்து குளுகுளு காரில் வந்து இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் கோயில் தலைவர், என் சம்பந்தி, ஐயாசாமி அவர்களே! வறுத்ததையும் பொரித்ததையும் மூடிபோட்டு வீற்றிருக்கும் நம் பெர்மாஸ் ஜெயா வட்டாரத் தாய்மார்களே! அந்த மூடி எப்போது திறக்குமென்று முன்வரிசையைப் பிடித்திருக்கும் பெரியோர்களே! அடியேனின் வணக்கம்.

முதலில் ஒரு மானக்கேடான உண்மை. நான் கட்டியிருப்பது வேட்டியே அல்ல. இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டி. கையை உயர்த்தி முழங்கினால் பர்ரென்று பிரிந்துவிடும். ஆகவே இன்று என் வீரமெல்லாம் வாயில் மட்டும்தான். யாரம்மா அங்கே சிரிப்பது? என் மனைவி யோகேஸ்வரியா? சிரி, சிரி. வாங்கிக் கொடுத்தவளே நீதானே!

வீட்டில் இருப்பதை வைத்து விரைவாய் ஒரு கடல் உணவு. இதுதான் இன்றைய போட்டி. இதற்கு என்னை ஏன் நடுவராக்கினார்கள்? நான் வாழ்நாளில் செய்த ஒரே ஒரு சாண்ட்விச், ஒரு கல்யாணத்தையே நடத்தி வைத்தது!

போன புரட்டாசி. சனிக்கிழமை. என் மகள் மலரைப் பெண் பார்க்கக் கோயில் தலைவர் குடும்பமே வருகிறது. சைவம் தவறினால் சம்பந்தம் தவறும். மனைவியோ சிங்கப்பூரில் வேலை முடிந்து எல்லைப் பாலத்தில் மாட்டிக்கொண்டாள். ஆடாத வண்டி, அசையாத வரிசை, அணையாத சிவப்பு விளக்கு! அங்கிருந்து போன்.

"ஏங்க, அவங்க வந்துட்டாங்களா?"

"வந்து உக்காந்து விசிறியப் பாத்துக்கிட்டிருக்காங்க."

"ஃபிரிஜ்ல ஐஸ் தட்டுல சைவ இறால் பாக்கெட் இருக்கு. சோயால செஞ்சது. வறுத்து ரொட்டியில வெச்சுக் குடுங்க. சைவ இறால்! காதுல விழுதா?"

விழுந்தது. ஆனால் புரட்டாசி முடிந்த மறுநாளுக்கென்று இவளே பதுக்கி வைத்த அசல் இறாலும் அதே தட்டில் பனி மூடிக் கிடந்தது தாய்மார்களே! இரண்டு பாக்கெட்டிலும் இறால் படம். நான் எடுத்தது எதை?

மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு போட்டுப் பிரட்டி, சட்டி சூடானதும் கொட்டி, சுருண்டதும் எடுத்தேன். ரொட்டியில் சில்லி சாஸ் தடவி, வெள்ளரிக்காயை என் கைக்கு வந்த கனத்துக்கு நறுக்கி அடுக்கி, எலுமிச்சை பிழிந்து மூடினேன். அவ்வளவுதான் செய்முறை. எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

தலைவர் ஒரு கடி கடித்தார். கண்ணை மூடினார்.

"அலமாக்! இது சைவமா? அசல் இறால் மாதிரியே இருக்கு லா!"

துணைவியார் பிரேமலா அம்மையார் ரொட்டியைப் பிரித்துப் பார்த்தார். "வால்கூட வெச்சிருக்கான் பாருங்க! கம்பெனிக்காரன் கெட்டிக்காரன்!"

"குடல்கூட வெச்சிருக்கான்," என்றார் தலைவர். "இன்னொண்ணு இருக்கா?"

குடலா? சோயாவுக்கு ஏதய்யா குடல்? சமையலறைக்கு ஓடினேன். சைவ பாக்கெட் பிரிக்காமல் படுத்திருந்தது. சொன்னால் மகளின் கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் அவர்கள் விரதம் போகும். ஒரு தகப்பன் என்ன செய்வான்? இன்னொரு தட்டு வறுத்தேன்!

அப்போதுதான் யோகேஸ்வரி வந்து சேர்ந்தாள். தட்டைப் பார்த்தாள். வாலைப் பார்த்தாள். என்னைப் பார்த்த பார்வையை மட்டும் இந்த மேடையில் விவரிக்க இயலாது.

"என்ன பிராண்டு சம்பந்தியம்மா இது? நாங்களும் வாங்கணும்," என்றார் பிரேமலா அம்மையார். கவனித்தீர்களா? மூன்றாவது ரொட்டியிலேயே சம்பந்தியம்மா!

"அந்தக் கம்பெனிய மூடிட்டாங்கம்மா," என்றாள் இவள், கண் இமைக்காமல்.

இதோ, மேடையில் தலைவர் முறைக்கிறார். தண்ணீர் குடியுங்கள் சம்பந்தி. பேரப்பிள்ளை வரப்போகிறது, இனிமேல் பெண்ணைத் திருப்பி அனுப்ப முடியாது!

கேட்கிறேன், என் இனிய மக்களே! கறியை விட்டோம் என்கிறோம். சோயாவில் ஆட்டுக்கறி செய்கிறோம். மீனை விட்டோம் என்கிறோம். மாவில் மீன் பிடிக்கிறோம். நாம் விட்டதுதான் எதை? ஆசையை விட்டோமா, ஆசைக்கு வேஷம் கட்டினோமா? விரதம் இருப்பவர்கள் வெண்டைக்காயோடு இருங்கள், விழுந்து வணங்குகிறேன். இறால் வேண்டுமா? இறாலை இறாலாகவே தின்னுங்கள்! சோயாவுக்கு வால் வைக்காதீர்கள்! கடவுளுக்கே பொய்ப் பொட்டலம் காட்டாதீர்கள்! பொய் வேட்டி கட்டியவன் சொல்கிறேன், ஒட்டியது ஒருநாள் பிரியும்! தட்டுங்கள், நன்றாகக் கை தட்டுங்கள். நான்தான் தூக்கக்கூடாது.

பசியைப் பொறுத்து என்னையும் பொறுத்த பொன்னெஞ்சங்களுக்கு நன்றி. மூடிகள் திறக்கட்டும், முகங்கள் மலரட்டும், வணக்கம்!

உட்காருமுன் ஓர் அறிவிப்பு. முதல் பரிசு ஒரு பெட்டி இறால், தலைவரின் அன்பளிப்பு. அவருடைய சொந்தக் கடைச் சரக்கு. கல்யாணத் தரகர் அன்று எங்களிடம் 'பிசினஸ்' என்று மட்டும் சொன்னார், என்ன பிசினஸ் என்று நாங்களும் கேட்கவில்லை. மலர் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர் கூலாய்ச் சந்தையில் இறால் விற்கிறார்.