ஷாமினிக்காக ஒரு மேசை கேக்

— அந்த ஆன்டி நாலு டப்பா கேட்டாங்க. தீர்ந்துபோச்சுன்னு அனுப்பிட்டே. மேசைக்கு அடியில இருக்கிறது என்ன புனிதா, செங்கல்லா?

— அது சரியா வேகல, ரம்லத்.

— யாரு சொன்னா? உன் வீட்டு ஓவன்ல ரெண்டு பேரும் கண்ணு எரிய நின்னு சுட்டது லா. காலையில இருந்து பிரிக்பீல்ட்ஸே இங்கதான் நிக்குது. பூக்கடை அக்கா ரெண்டாவது தடவை வந்து வாங்கிட்டுப் போனாங்க. இப்பப் பார்த்து மூடி மூடி வைக்கிறே.

— வெயில்ல கிரீம் உருகுது.

— கிரீமே போடலையே. வெறும் ஏலக்காய் கேக்கு. ஆமா, உன் மக ஷாமினி போட்டோவை எதுக்குக் கவுத்து வச்சே? அதைப் பார்த்துட்டுத்தான் ஜனங்க நின்னு வாங்குது.

— காத்துல விழுந்திடுச்சு.

— காத்தே இல்ல. உன் வீட்டுக்காரர் போன் பண்ணதில இருந்து நீ ஒரு மாதிரி இருக்கே. குகன் அண்ணே என்ன சொன்னாரு? ஆஸ்பத்திரியில ஆபரேஷன் காசை மறுபடி ஏத்திக் கேக்கிறாங்களா?

— இல்ல. கார் எடுத்துக்கிட்டு வர்றாராம். என்னைக் கூட்டிட்டுப் போக.

— அப்ப புள்ளைகிட்ட யாரு இருக்கா?

— நர்ஸ் இருக்காங்க.

— சரி, நீ போய்ப் பாரு. கடையை நான் பார்த்துக்கிறேன். அடியில இருக்கிறதை மட்டும் எடுத்து மேல வை. அங்க பாரு, கோயில் தலைவர் பரமேஸ்வரன் அங்கிள் நம்மகிட்டதான் வர்றாரு. கொஞ்சம் சிரி.

— வணக்கம்மா புனிதா. நான் சுத்தி வளைச்சுப் பேசுறவன் இல்ல, தெரியும்ல. இருக்கிற கேக்கு அத்தனையும் கோயிலுக்கு வேணும். முட்டை கிட்டை போடலையே?

— முட்டையே இல்ல அங்கிள், தயிர் ஊத்திச் சுட்டது. நான்தான் கலக்கினேன். ருசி பார்க்கிறீங்களா?

— இரும்மா ரம்லத், அம்மனுக்கு முன்னால நான் எப்படிச் சாப்பிடுறது? சாயங்காலப் பூசையில வச்சுப் படைச்சிட்டு, வர்ற ஜனங்களுக்குக் கொடுக்கலாம்னு இருக்கோம். விலையெல்லாம் பேச வேணாம். ஆபரேஷனுக்கு இன்னும் என்ன குறையுதோ, அதையும் கோயிலே போட்டுக் கட்டிடும். கமிட்டியில முடிவு பண்ணியாச்சு.

— யா அல்லா. புனிதா, கேட்டியா? வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்திடும் லா.

— வேணாம் அங்கிள்.

— என்னம்மா?

— கோயிலுக்கு வேணாம்.

— கூச்சப்படாதேம்மா. உன் புள்ளைன்னா எங்க புள்ளை இல்லையா? அவ பேர்ல ஒரு அர்ச்சனையும் பண்ணச் சொல்றேன். என்ன நட்சத்திரம், சொல்லு.

— அர்ச்சனை வேணாம்.

— பெத்தவ வாயில வர்ற பேச்சா இது? கமிட்டியில ஒருத்தன் குடுக்கக் கூடாதுன்னான், அவன்கூடச் சண்டை போட்டுட்டு வந்திருக்கேன். போன வருஷம் அவ பொறந்தநாளுக்குக் கோயில் மண்டபம் குடுக்கலன்னு இன்னும் மனசுல வச்சிருக்கியா?

— அதெல்லாம் இல்ல அங்கிள். டப்பாவுல இருந்து கையை எடுங்க. தொடாதீங்க, கும்பிட்டுக் கேக்கிறேன்.

— சரி, எடுத்துட்டேன். உன் இஷ்டம்மா. ஆனா நாளைக்கு உதவின்னு கோயில் வாசலுக்கு வந்தா, இது எனக்கு ஞாபகம் இருக்கும்.

— அங்கிள், நில்லுங்க அங்கிள். அவ தூக்கம் இல்லாம பேசுறா. அங்கிள்... போயிட்டாரு. புனிதா, உனக்குப் பைத்தியமா?

— டப்பாவெல்லாம் அங்க நிக்கிற லோரி பக்கத்துக் குப்பைத்தொட்டியில போட்டுடலாம், ரம்லத்.

— வாயைக் கழுவு. அம்பாங் வரைக்கும் போய் நோட்டீஸ் ஒட்டினேன். மஸ்ஜித் இந்தியா ரோட்டுல கடை கடையா ஏறி இறங்கி, மாவும் சீனியும் கேட்டு வாங்கியாந்தேன். என் வீட்டுக்காரர் ஏசினதையெல்லாம் உன்கிட்ட சொல்லவே இல்ல. எல்லாம் யாருக்கு? வலியத் தேடி வந்த ஆளை, கையை எடுங்கன்னு துரத்துறே. நாளைக்கு ஷாமினி கண்ணு முழிச்சு, அம்மா கேக்கெல்லாம் வித்துச்சான்னு கேட்டா, அவ முகத்தைப் பார்த்து என்ன சொல்லுவே?

— முழிக்க மாட்டா, ரம்லத். அதைச் சொல்லத்தான் அவர் போன் பண்ணாரு. சாவு வீட்டுல சுட்டதை அம்மனுக்கு எப்படிக் கொடுக்கிறது?