அரோகரா போட்டுத் தள்ளிய கரி பஸ்

ஷெட்டுக்குள் வேண்டாம் இன்ஸ்பெக்டர் ஐயா, இப்படித் தாழ்வாரத்திலேயே உட்காருங்கள், காற்று நன்றாக வரும். முதலில் தலையைத் துவட்டிக்கொள்ளுங்கள். என் கரி பஸ்ஸைப் பற்றி என்றால் நாள் முழுக்கப் பேசுவேன்.

சண்டை வந்து பெட்ரோலுக்கு ரேஷன் போட்டதும் திருத்தணியில் பாதி வண்டி படுத்துவிட்டது. நானும் அக்கா அன்னம்மாளின் வீட்டுக்காரர் ஆதிகேசவன் பாவாவும் எங்கள் பஸ்ஸின் முதுகில் இரும்பு அடுப்பைக் கட்டினோம். கரியை மூட்டி ஊதுசக்கரத்தைச் சுற்றினால் வருகிற கரிக்காற்றில் எஞ்சின் ஓடும். அம்மையார்குப்பம் வரைக்கும் ராஜா மாதிரி போகும். மேட்டில் மட்டும் மூச்சு வாங்கும். நெசவுக்காரர்கள் இறங்கி "அரோகரா" போட்டுத் தள்ளுவார்கள். டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு தள்ளவும் வைக்கிற வண்டி வேறெங்கே உண்டு? ஒரே கும்மாளம்தான் போங்கள்.

சண்டை முடிந்ததும் பாவா ஆரம்பித்துவிட்டார்.

"கரி சலீசுதான், யாரு இல்லேன்னா? ஆனா சாம்பல் உள்ள பூந்து எஞ்சினைத் தின்னுகினு கீதே வேணு. ரெண்டு வாட்டி பிரிச்சு வேல செஞ்சாச்சு. மிச்சமானதெல்லாம் ரிப்பேருக்கே பூடுது."

"வடிகட்டுற துணிய அடிக்கடி மாத்தினா சரியாப் போவுது பாவா."

"நீ அத்த கட்டிகினு அழு. அரக்கோணத்து ஆளாண்ட பேசிட்டேன். வெள்ளிக்கிழம வந்து உடைக்க எடுத்துகினு போறான்."

உடைக்கவாம். எனக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை. பர்மிட்டோ பாவா பேரில். அவர் சொன்ன கணக்கில் தப்பில்லை ஐயா, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கரி பஸ்காரனுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியை வெளியே தள்ளிய பிறகுதான் அடுப்பை மூட்டுவான். அந்தக் காற்று கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மூடிய இடத்தில் முதலில் தலை வலிக்கும், பிறகு தூக்கம் வரும், பிறகு ஒன்றும் வராது. நானும் பாவாவும் ஒருநாளும் இதில் தவறியதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் நல்ல மழை. பாவா சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் பஸ்ஸின் பின் சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சாரல் படாமல் ஷெட்டின் படுதாக்களை இறக்கினேன். வண்டியைத் தள்ளாமலே அடுப்பை மூட்டிச் சக்கரத்தைச் சுற்றினேன். வெளியே வந்து கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரச் சாக்கைச் செருகினேன். மழைத் தண்ணீர் உள்ளே போகக்கூடாதல்லவா? ஒரு தும்மல்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தார். முகம் ஏன் அப்படிச் செக்கச்செவேலென்று இருந்தது என்று கேட்டீர்களே, அந்தக் காற்றின் வேலை அது. பார்த்தவர்கள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார் என்றார்கள்.

அக்கா என்றால் எனக்கு உயிர். கடைசிவரை அவளுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டேன். ஆனால் பாருங்கள், நேற்று அவளும் அதையே பிடித்துக்கொண்டாள்.

"அந்த வண்டியப் பாத்தாலே வவுறு எரியுதுடா வேணு. வித்துட்லாம்."

பர்மிட் இனி அவள் பேருக்குத்தானே வரும்? இன்றைக்கு ஷெட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பேசலாம் என்று வரச்சொன்னேன். உள்ளே வேண்டாம் என்று உங்களை முதலிலேயே தடுத்தேனே, உங்கள்மேல் எனக்கென்ன விரோதம்? அதோ, குடையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள்.

இவ்வளவு கரியும் வீணாய்ப் போயிற்று.