இன்னும் ரெண்டு வருஷம்

— நான் எம்.எஸ்ஸி. படிக்கலம்மா. எத்தினி வாட்டி சொல்றது? ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில திங்கக்கெழமை வந்து சேருன்றாங்க.

— பாரத்துல கையெழுத்தப் போடு, சூடாமணி. இன்னிக்கித்தான் கடைசி நாளு. அஞ்சு மணிக்கு காலேஜ் ஆபீஸ சாத்திடுவான்.

— பி.எஸ்ஸி. முடிச்சதே போதும். கெமிஸ்ட்ரி புக்கப் பாத்தாலே தலைய வலிக்குது.

— வலிக்கட்டும். பெயிலானாலும் பரவால்ல. ரெண்டு வருஷம் போய் வந்துக்கினு இரு.

— இது என்னாம்மா பேச்சு? பெயிலாவுறதுக்கா அனுப்புற?

— அந்தக் கதவச் சாத்திட்டு வா.

— சாத்திட்டேன். சொல்லு.

— உங்கக்கா லோகாவோட பதினாறாம் நாளு, அவ புருஷன் என்னா கேட்டாரு தெரியுமா?

— கைலாசம் மாமாவா? அவரு அழுதுக்கினு இல்ல இருந்தாரு.

— அழுதுக்கினேதான் கேட்டாரு. மூத்தவதான் போயிட்டாளே, சின்னவளக் குடுங்கன்னு. தெருப் பெரியவங்க தலையாட்டுனாங்க. உங்கப்பாவும் சரின்னுட்டாரு. நான்தான், பொண்ணு இப்பதான் காலேஜுல சேந்திருக்குது, படிப்பு முடியட்டும்னேன். படிக்கிற வரைக்கும் கேக்கறதில்லன்னு எல்லாரும் ஒத்துக்கினாங்க.

— மூணு வருஷமா எங்கிட்ட ஏம்மா சொல்லல?

— சொல்லியிருந்தா நீ எங்க படிச்சிருப்ப? பயந்துக்கினே கெடந்திருப்ப.

— பயப்பட என்னா இருக்குது? மாமா தங்கமானவரும்மா.

— லோகாவக் குளிப்பாட்டுனது நானு. மாடிப்படியில தடுக்கி விழுந்தவளுக்குக் கழுத்துல ஏன்டி வெரல் தடம்?

— அம்மா.

— உங்கப்பாகிட்ட சொன்னேன். வாய மூடிக்கினு இருன்னாரு. அன்னிக்கிலேர்ந்து மூடிக்கினுதான் இருக்கறேன். போடு கையெழுத்த. நீ படிக்கிற வரைக்கும் அந்தக் கைலாசம் வாயத் தொறக்க முடியாது.

— காலையில பஸ் ஸ்டாண்டுல மாமாவப் பாத்தேன்.

— பாத்து?

— கூட நம்ம தெருப் பெரியவங்க ரெண்டு பேரு இருந்தாங்க. மேல படிக்கப் போறியாம்மான்னு மாமா கேட்டாரு. இல்ல மாமா, படிப்பெல்லாம் முடிஞ்சிபோச்சின்னேன். அந்தப் பெரியவங்க என் தலையில கைய வெச்சி ஆசீர்வாதம் பண்ணாங்கம்மா. வேலைக்குத்தான்னு நெனச்சிக்கினேன்.

— பாவி, வேற என்னா கேட்டாரு?

— இன்னிக்கி ஒண்ணும் கேக்கல. போன மாசம், தறியில ஏத்தப் போற ஒரு கல்யாணப் பொடவைக்கு எந்தக் கலரு நல்லாருக்கும்னு கேட்டாரு. யாரோ கட்டிக்கப் போறாங்கன்னு நெனச்சி அரக்குன்னு சொன்னேன். அத நெய்ஞ்சி முடிச்சி இன்னிக்கி தறியிலேர்ந்து அறுத்துட்டாராம். சாயங்காலம் எடுத்துக்கினு வர்றாராம்மா.