கோட்டை மாத்துனோம், பையைக் காலி பண்ணலை

ஐய, அழாதீங்க வத்சலாம்மா. உங்க வீட்டுக்காரர் உசிரோட நல்லாத்தான் இருக்காரு. நேத்து சாயங்காலம் போனவர் இன்னும் வரலைன்னா பதறத்தான் செய்யும். அந்த உருளைக்கிழங்கு மூட்டை மேல உக்காருங்க, சொல்றேன்.

சாரோட ஆராய்ச்சி தெரியுமில்ல? ம்யூனிக் ஒலிம்பிக்ஸ்ல தீவிரவாதிங்க சுட்டாங்களே, அதுக்கு அப்புறம் ரயிலடியில போலீஸ்காரன் கறுத்த தோலாப் பாத்துப் பாத்து நிறுத்துறான், அவனைக் கேக்க ஆளில்லையான்னு எழுதுறாரு. அவரோட புரொபசர் மூக்காலயே பேசுவாரே... ம்ம்ம், தோலை இல்ல ஹெர் சேஷாத்ரி, அழுக்குத் துணியைத்தான் பாக்குறாங்க... பாத்தீங்களா, சிரிச்சிட்டீங்க! அப்படியே அவருதானே?

அப்படியா, சோதிச்சிருவோம்னு சார் நேரா நான் வேலை பாக்குற இந்தக் கேன்டீனுக்கு வந்தாரு. உமாபதி, கழட்டுய்யா கோட்டைங்கறாரு. அவரு கோட்டு, டை எல்லாம் எனக்கு. எண்ணெய்க்கறை புடிச்ச என் கோட்டு அவருக்கு. வெங்காய வாடை, பாவம், தும்மிக்கிட்டே போட்டாரு. கூட கிழிஞ்ச பேன்ட்டோட ஒரு வெள்ளைக்கார ஸ்டூடண்ட். மூணு பேரும் டார்ம்ஸ்டாட் ரயிலடியில தள்ளித் தள்ளி நடந்தோம்.

என்ன ஆச்சா? கிழிஞ்ச பேன்ட்டு விசிலடிச்சுக்கிட்டே போய் ரயிலேறிருச்சு. டை கட்டுன என்னைப் போலீஸ்காரன் நிறுத்திட்டான். பின்னாடி வந்த சாரையும் நிறுத்திட்டான். ஜெயிச்சிட்டோம்னு சாருக்கு வாயெல்லாம் பல்லு! பாஸ்போர்ட்டுன்னான். பையில கையை விட்டப்பதான் திக்குன்னுச்சு. கோட்டை மாத்துனோம், பையைக் காலி பண்ணலையே!

என் கையில சார் பாஸ்போர்ட்டு. படத்துல சொட்டை, மூக்குக் கண்ணாடி. என் முடியைப் பாருங்க, மீசையைப் பாருங்க. படத்தைப் பாத்தான், என்னைப் பாத்தான். வெறைப்பா ஒரு சல்யூட்டு, இந்தா இப்படி, நன்றி ஹெர் சேஷாத்ரி, போகலாம்னுட்டான்!

சாரா? கையில என் பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டு நான் உமாபதி இல்லைன்னு கத்துறாரு, புரொபசரையே தூக்கிச் சாப்பிடுற ஜெர்மன்ல. எனக்கு அதுல கால்வாசி வராதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? நீதான், படத்துல நல்லாத் தெரியுதேன்னுட்டான். கூட்டிட்டும் போயிட்டான்.

எதுக்கு உள்ள வச்சான்னா... அது ஒண்ணுமில்லம்மா. உமாபதியோட தங்குற அனுமதி போன மாசமே முடிஞ்சு போச்சு. சாருக்கே தெரியாது.

சார் பாஸ்போர்ட்டை நீங்களே கொண்டு போறீங்களா? அப்ப உமாபதி எங்கன்னு கேப்பான்ல. என்னை ஊருக்கு ஏத்தி விட்டா விடட்டும், என்ன பண்றது.

இந்த டையைக் கொஞ்சம் அவுத்து விடுங்க, எனக்கு வரல, நேத்துலேர்ந்து கழுத்தைப் புடிக்குது. நான் உமாபதியாப் போய் நின்னாத்தான் சாரை விடுவான்.