உள்ளே இருக்கிறாரா அம்மா?

வலங்கைமான் வாசகர் வட்டத்தின் தலைமையை அலங்கரிக்கும் சிங்காரவேலு ஐயா அவர்களே, அறிவார்ந்த பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்தமர்ந்த அன்னையரே, வணக்கம். முதலில் மன்னியுங்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதற்காக என்னை மேடையேற்றிவிட்டீர்கள். பின்வரிசை அண்ணன் “சத்தமாப் பேசும்மா” என்கிறார். பேசுகிறேன் அண்ணா, ஒலிவாங்கியைக் கொஞ்சம் அருகே இழுத்துக்கொள்கிறேன்.

அண்டம் எப்படித் தோன்றியது? அதில் உணர்வு எப்படி விழித்தது? மண்ணும் நீரும் தீயும் கூடிக்கூடி ஒருநாள் தன்னை அறிந்தது என்பர் சிலர். உணர்வே முதல், அதற்குள்தான் அண்டமே மலர்ந்தது என்பர் வேறு சிலர். முதல் கண் திறக்கும்முன் இத்தனை சூரியன்களும் யாருக்காக எரிந்தன? எவரும் காணாத வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் என்ன வேறுபாடு? படிக்கும்போது இனித்த கேள்வி, இன்று என்னை அச்சுறுத்துகிறது.

என் அம்மா ராஜாத்தி குறுவை நடவின்போது வரப்பிலே சாய்ந்தார். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். இப்போது வீட்டுக் கட்டிலில் கிடக்கிறார். கண் திறந்திருக்கிறது, பார்வை எவர்மீதும் நிற்பதில்லை.

பெண் இறந்தால் பிறந்த வீட்டார் கோடிப்புடவை கொண்டுவருவது நம் வழக்கம். சென்ற வாரம் அம்மாவின் அண்ணன் வீரையன் மாமா வந்தார். தங்கைமேல் உயிரையே வைத்திருப்பவர். கட்டிலோரம் ஒரு மஞ்சள் பையை வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

“கோடி எடுத்தாந்துட்டேன் மாப்ள. கடை பூட்டுன நேரமாப் பாத்து உசுரு போயிட்டா எங்க போயி அலையிறது? அதுக்குப் புடிச்ச அரக்குதான்.”

“மெதுவாப் பேசுங்க மச்சான்.”

“அதுக்கு ஏது நெனவு? கேக்கவா போவுது?”

அம்மாவின் கண்ணோரம் நீர் வழிந்ததை நான் பார்த்தேன். கண் தானாகவும் கசியும் என்றார் மருத்துவர். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உள்ளே எவருமே இல்லையோ என்று அஞ்சுகிறேன். உள்ளே அம்மா இருந்து, எல்லாம் கேட்டு, எதுவும் சொல்ல முடியாமல் தனியே கிடக்கிறாரோ என்று அதைவிட அஞ்சுகிறேன்.

உணர்வு தொடங்கிய இடத்தை உலகில் எவரும் கண்டதில்லை. தொடங்கிய இடம் தெரியாத நாம், முடிந்த இடத்தை மட்டும் எந்தக் கோல் கொண்டு அளந்தோம்? எந்தத் துணிவில் தீர்ப்பெழுதினோம்?

மாமாவும் இங்கேதான் அமர்ந்திருக்கிறார். தலைகுனியாதீர்கள் மாமா, அது பாசத்தின் பதற்றம்.

செவிகொடுத்த சபைக்கு நன்றி. அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன். இன்னும் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த மஞ்சள் பை இன்னும் கட்டிலோரமே இருக்கிறது; பிறந்த வீட்டுப் பையாயிற்றே என்று அதைத் தொட எங்கள் வீட்டில் எவருக்கும் துணிவில்லை. நாளைக்கு வந்து நீங்களே அதை எடுத்துக்கொண்டு போங்கள், மாமா. போகும்போது அம்மாவின் காதருகே குனிந்து, “போயிட்டு வர்றேன் ராஜாத்தி” என்று சொல்லிவிட்டுப் போங்கள்.